குகை எவ்வாறு விருந்தினர் இல்லமாயிற்று? சாண்டோரினியின் திராட்சை நிலமும் கட்டடக்கலையும்

'பேண்தகு கட்டடக்கலை' என்ற கலைச்சொல் இன்று கருத்தரங்குகளிலும் விடுதி விளம்பரங்களிலும் ஒருசேரப் புழங்குகிறது. இலக்கண நோக்கில் பார்த்தால், 'பேண்' செயப்படுபொருள் குன்றா வினை. எதைப் பேணுவது என்ற கேள்வி அதனோடு ஒட்டியே வரும். ஆனால் கலைச்சொல் பெயரடையாக உறைந்தபின் அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. பேணப்பட வேண்டியது கட்டடமா, அது நிற்கும் நிலமா, அந்த நிலத்தை வாழவைத்த தொழிலா? திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எழும் விருந்தினர் விடுதிகளைப் பொறுத்தவரை இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு இதற்கு நல்ல சான்று.

ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பு அத்தீவைச் சாம்பலாலும் நுரைக்கல்லாலும் பல மீட்டர் ஆழத்துக்கு மூடியது. தீவினர் 'ஆஸ்பா' என அழைக்கும் இந்த அடுக்கே பிற்கால வாழ்வுக்கு அடித்தளமாயிற்று. தீவில் கட்டட மரம் இல்லை, ஆறு இல்லை, மழையும் குறைவு. ஆனால் ஆஸ்பா எளிதில் குடையத்தக்கது; குடைந்தபின் இடிந்து விழாமல் நிற்கவல்லது. ஆகவே மக்கள் சரிவுகளைக் குடைந்து வீடு அமைத்தனர். 'இப்போஸ்காஃபோ' என்பது அவ்வீட்டின் பெயர். 'கீழே தோண்டப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். குறுகிய முகப்பில் நடுவே ஒரு கதவு, இருபுறமும் சன்னல்கள், கதவுக்கு மேலே ஒரு சிறு ஒளித்துளை. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவரிலும் இதே அமைப்பு திரும்ப வரும். பின்னறைக்கு ஒளியும் காற்றும் அவ்வழியே செல்லும். தடித்த மண் போர்வை கோடை வெப்பத்தையும் குளிர்காலக் காற்றையும் தடுத்து, அறையின் வெப்பநிலையைப் பெரும்பாலும் சீராக வைத்திருக்கும்.

தரைக்கு மேலே கட்டியபோதும் மரம் தேவைப்படவில்லை. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் குழைத்தால் நீரிலும் இறுகும் காரை கிடைக்கும். அதைக் கொண்டு கல்லாலேயே வளைகூரைகளை எழுப்பினர். மழைநீர் கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் நிலத்தடித் தொட்டிக்கு இறங்கியது. 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயின் கட்டுமானத்துக்கும் இத்தீவின் சாம்பல் ஏற்றுமதியானது. வியன்னாவில் கட்டடக்கலை பயின்ற பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி, 1931-இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தெற்கு சிக்லடீஸ் தீவுகளின் இந்தத் தொன்மையான காங்கிரீட் முறையையே பொருளாகக் கொண்டார். பின்னர் 1964-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'கட்டடக் கலைஞர் இல்லாக் கட்டடக்கலை' என்னும் புகழ்பெற்ற கண்காட்சியை நடத்தியவரும் அவரே.

இந்த வீட்டைத் திராட்சை நிலத்திலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இயலாது. 'கானவா' எனப்படும் மதுக்கூடமும் அதே ஆஸ்பாவில் குடையப்பட்டதே. திராட்சையை மிதிக்கும் தொட்டியும் மரப்பீப்பாய்களும் இருந்த அவ்விடத்தின் குளுமைக்கு வேறெந்த ஆற்றலும் வேண்டியிருக்கவில்லை. வெளியே, கொடிகளைப் பந்தலேற்றாமல் தரையோடு ஒட்டிக் கூடைபோல் வளைத்துப் பின்னுவர். கனிகள் கூடைக்குள் காற்றுக்கும் வெயிலுக்கும் மறைந்து விளையும். கடலிலிருந்து இரவில் வரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சிக் கொடிக்கு அளிக்கும். களிமண் மிகக் குறைந்த இம்மண்ணில் ஃபில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி நிலைகொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த பூச்சி அது. அதனால் இங்குள்ள கொடிகள் இன்றும் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. வீடு, மதுக்கூடம், கொடி மூன்றும் ஒரே பற்றாக்குறைக்கு ஒரே மண் அளித்த விடைகள்.

1956 ஜூலை 9 அன்று நேர்ந்த நிலநடுக்கம் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எண்ணற்ற வீடுகள் சிதைந்தன. பலர் ஏதென்ஸுக்கும் பிரேயஸுக்கும் குடிபெயர்ந்தனர். தீவின் வடமுனையிலுள்ள இயா ஊரின் குகை வீடுகள் பாழடைந்தன.

அக்காலத்தில் கிரேக்க அரசின் சுற்றுலாக் கொள்கை வேறு திசையில் சென்றது. 'க்ஸேனியா' என்ற பெயரில் நாடெங்கும் நவீன விடுதிகள் எழுப்பப்பட்டன. 1957 முதல் 1967 வரை தேசியச் சுற்றுலா அமைப்பின் வடிவமைப்புப் பணிக்குத் தலைமையேற்ற ஆரிஸ் கான்ஸ்டான்டினிடிஸ் நிலத்தோற்றத்தை மதித்தவர்தாம். ஆயினும் அத்திட்டத்தின் அடிப்படை புதிதாகக் கட்டுவதே. 1975-இல் அதே அமைப்பு மரபுக் குடியிருப்புகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது அணுகுமுறை தலைகீழாயிற்று. இயா, கியோஸ் தீவின் மெஸ்தா, மானியின் வாத்தியா முதலிய ஊர்களில் கைவிடப்பட்ட வீடுகளை உரிமையாளர்களிடமிருந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பெற்று, செப்பனிட்டு, விருந்தினர் இல்லங்களாக நடத்தி, பின்னர் அவர்களிடமே திருப்பியளிப்பது என்பது ஏற்பாடு. புதிய நிலம் எதுவும் தேவைப்படவில்லை. உள்ளூர் கொத்தர்களின் கைத்திறன் மீண்டும் பயன்பட்டது. விருந்தினர் தங்குமிடம் என்ற காரணத்தால் ஒரு கட்டட மரபு காக்கப்பட்டது என்று இங்கே ஐயமின்றிச் சொல்லலாம்.

சிக்கல் அதன் வெற்றியில் தொடங்கியது. குகை அறைக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பது நிறுவப்பட்டதும், குடைய வேண்டிய தேவையே இல்லாத இடங்களிலும் குகையின் சாயல் கட்டப்பட்டது. இரும்புக் கம்பி பொதிந்த காங்கிரீட்டில் வளைகூரை, மேலே வெள்ளைப் பூச்சு, முன்னே நீச்சல்குளம். மழைநீர்த் தொட்டியை நம்பியிருந்த தீவு இன்று கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளைச் சார்ந்துள்ளது. விடுதிகளும் வாடகை இல்லங்களும் திராட்சை நிலத்திலேயே எழுகின்றன. கொடி தரும் வருவாய் மனையின் விலையோடு போட்டியிட இயலவில்லை. திராட்சை நிலத்தைக் காண வருவோர்க்காக அந்நிலமே சுருங்கி வருகிறது.

இதை மொழியியலில் பொருள் மாற்றமாகவும் வாசிக்கலாம். 'கானவா' என்ற சொல் அழியவில்லை. விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் வாழ்கிறது. ஆனால் அது சுட்டிய தொழில் அங்கிருந்து விலகிவிட்டது. 'இப்போஸ்காஃபோ' தோண்டும் செயலைச் சுட்டுவதை விட்டு, ஒரு தோற்றத்தைச் சுட்டுகிறது. கட்டடமும் அவ்வாறே. வளைகூரை ஒரு காலத்தில் மரமின்மைக்கு விடையாக இருந்தது. இப்போது தன்னைத்தானே மேற்கோள் காட்டும் வடிவம். வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் அதன் காரணம் கூடவே வருவதில்லை.

இந்தியச் சூழலில் இதை எழுதக் காரணம் உண்டு. மகாராட்டிர அரசின் 2001 திராட்சை பதப்படுத்தும் தொழிற்கொள்கைக்குப் பின் நாசிக் பகுதியில் மதுத் தொழில் வளர்ந்தது. தோட்ட விடுதிகளும் அதனுடன் வந்தன. தக்காணத்தின் கருங்கல்லும் எரிமலைக் குழம்பின் கொடைதான். அங்குக் களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் விடுதியின் கற்சுவரையும் சூரியத் தகட்டையும் பதிவுசெய்வதோடு நிறுத்த வேண்டியதில்லை. அந்த இடத்தில் முன்பு என்ன விளைந்தது, குளத்து நீர் எந்த அணையிலிருந்து யாருடைய பங்கைக் குறைத்து வருகிறது, சுவரை எழுப்பிய கொத்தர் எவ்வூரார், விடுதியின் வருவாயில் கொடிக்குத் திரும்புவது எவ்வளவு என்பவற்றையும் கேட்க வேண்டும்.

சாண்டோரினியின் பழைய வீடு பேணத்தக்கதாக இருந்தது, அது தன்னைச் சுற்றியிருந்த கொடியையும் நீரையும் பேணியதால். 'பேண்தகு' என எழுதும்போதெல்லாம் அதன் செயப்படுபொருளையும் சேர்த்து எழுதும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் வர வேண்டும். நாசிக், நந்தி மலை, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய திராட்சைப் பகுதிகளில் களஅனுபவம் உடைய நண்பர்கள் தங்கள் அவதானிப்புகளைப் பகிர்ந்தால் இவ்வுரையாடல் வளரும்.