ஊருக்கு ஒரு டீபாட்... வாங்குறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பாருங்க!

ட்ரிப் போனா ஃப்ரிட்ஜ் மேக்னட் வாங்கிட்டு வர்ற ஆளா நீங்க? அடுத்த தடவை ஒரு டீபாட் வாங்கிப் பாருங்க. அந்த ஊர் மண்ணும், டீ குடிக்கிற பழக்கமும் அதுலயே இருக்கும். என்ன, நிறைய பேர் அழகைப் பார்த்து வாங்கிட்டு வந்து, ஒரே நாள்ல ஷோகேஸுக்கு அனுப்பிடுறாங்க. காரணம், ஊத்தினா கப்பைவிட மேஜையிலதான் அதிக டீ!

அதனால கடையிலயே கவனிங்க. மூக்கோட நுனி, பாட்டோட வாய் விளிம்பு உயரத்துக்காவது இருக்கணும். தாழ்வா இருந்தா, பாட் நிறையறதுக்குள்ள மூக்கு வழியா வழிஞ்சிடும். சாய்க்கும்போது மூடி கழண்டு விழக் கூடாது. கடைக்காரர் சம்மதிச்சா தண்ணி ஊத்திப் பாருங்க. நிறுத்தினதும் மூக்கோட அடியில சொட்டு வழிஞ்சா, எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்துல இருக்குற யீஷிங், மிங் அரச காலத்துலயிருந்தே டீபாட்டுக்குப் பேர்போன ஊர். பளபளப்புப் பூச்சு இல்லாத களிமண் என்பதால், டீயோட வாசனையை மண்ணே உறிஞ்சிக்கும். அதனால ஒரு பாட்டுக்கு ஒரே வகை டீதான். சோப்பு போடவே கூடாது. வெந்நீர்ல அலசிக் காயவெச்சா போதும். இந்தப் பேர்ல போலிகளும் ஏராளம், உஷார்.

ஜப்பான்ல டோகோனாமே ஊரின் 'க்யூசு'வுக்குக் கைப்பிடி பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கும். அங்கேயே வார்ப்பிரும்புல ரெண்டு வகை கிடைக்கும். உள்ளே எனாமல் பூசியிருந்தா அது டீபாட், அடுப்புல வைக்கக் கூடாது. பூசாதது 'டெட்சுபின்', வெந்நீர் கொதிக்கவைக்க மட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கிடாதீங்க.

என் ஓட்டு இங்கிலாந்தோட 'பிரவுன் பெட்டி'க்குத்தான். ஸ்டாஃபோர்ட்ஷயர் செம்மண், பழுப்புப் பூச்சு, குண்டு உடம்பு. அலங்காரம் எதுவும் இல்லை. தினமும் எடுத்துப் புழங்கலாம்.

பழைய பொருள் சந்தையில வாங்குறீங்களா? பழங்காலப் பீங்கான் பூச்சுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அது டீயில இறங்கும். வண்ணம் உதிர்ந்தது, பூச்சு வெடிச்சது எல்லாம் அலமாரிக்கு மட்டும். அதுல டீ வேண்டாம்.

பேக்கிங்ல, மூடியைத் தனியா துணியில சுத்துங்க. பாட்டுக்குள்ள சாக்ஸைத் திணிங்க. முடிஞ்சா கேபின் பையிலயே வைங்க. மூடியோடயே சூட்கேஸ்ல போட்டு, மூடி இல்லாத பாட்டோட வீடு திரும்பின அனுபவம் எனக்கு இருக்கு!

சரி, பாட் வந்தாச்சு. தொட்டுக்க ஸ்கோன் செய்யலாமா? மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், சர்க்கரை 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இதுல 55 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால பிசிறி, 150 மி.லி பால் ஊத்திச் சேர்த்துடுங்க. சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சா போச்சு, ரப்பர்தான். ஓர் அங்குல உயரத்துக்குத் தட்டி, டம்ளரால அழுத்தி வெட்டுங்க. திருகினா ஸ்கோன் கோணலா எழும்பும். 220 டிகிரியில 12 முதல் 15 நிமிஷம்.

டெவன்ல க்ரீம் முதல்ல, மேல ஜாம். பக்கத்துக் கார்ன்வால்ல ஜாம் முதல்ல. இதுக்கு ரெண்டு ஊருக்கும் ஓயாத சண்டை. அவங்க 'க்ளாட்டட் க்ரீம்' நமக்குக் கிடைக்கலைன்னா, கெட்டியான பாலாடை போதும். ஸ்கோனை அன்னிக்கே தீர்த்துடுங்க. மிஞ்சினது மறுநாள் காய்ஞ்சுபோயிடும். அவன்ல அஞ்சு நிமிஷம் சூடு பண்ணினா ஓரளவுக்கு மீளும்.