தங்கம் தேடிப் போன இரண்டு பாதைகள்

போன ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு கனடாவின் வடகோடிக்குக் கிளம்பினோம். வைட்ஹார்ஸில் வண்டி வாடகைக்கு எடுத்து, தெற்கு க்ளாண்டைக் நெடுஞ்சாலையில் அலாஸ்காவின் ஸ்காக்வே ஊர் வரை பயணம். மொத்தமே 175 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரு பகல் முழுக்க ஆனது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று தங்கமணியின் குரல். (கோலார் தங்க வயலில் பிறந்தவனுக்கு வீட்டிலும் தங்கமணி!)

எமரால்டு ஏரியின் பச்சையைப் பார்த்துவிட்டு கார்க்ராஸ் தாண்டினால் ஆளரவமே இல்லாத காடும் ஏரியும். வைட் பாஸ் கணவாய் 1003 மீட்டர் உயரம். அங்கிருந்து சாலை கடலை நோக்கிச் சரசரவென்று இறங்குகிறது. எதிர் மலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி ரயில் போகிறது.

எல்லாம் தங்கம் செய்த வேலை. 1896 ஆகஸ்டில் க்ளாண்டைக் பக்கத்து ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள், முப்பது நாற்பதாயிரம் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்பது கணக்கு. ஒரு வருஷத்துச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவராதவரைக் கனடா போலீஸ் உள்ளே விடவில்லை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை. வைட் பாஸ் வழியில் செத்த குதிரைகள் மட்டும் 3000 என்கிறார்கள். ரயில் பாதை 1900-ல் முடிவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. 1899-லேயே அலாஸ்காவின் நோம் பக்கம் ஓடிவிட்டார்கள்.

வழியில் இருந்த அறிவிப்புப் பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே வந்த என் மகள் கேட்டாள்: "உங்க ஊரும் தங்க ஊர்தானே அப்பா? தாத்தாவும் பணக்காரர் ஆனாரா?"

அவளுக்குக் கேஜிஎஃப் என்றால் 2018-ல் வந்த சினிமாதான். இறங்கும் வழியெல்லாம் கதை சொல்ல வேண்டியதாயிற்று.

க்ளாண்டைக்குக்குப் போனவர்கள் தங்களுக்கே தங்கம் வேண்டும் என்று போனவர்கள். எங்கள் ஆட்கள் வந்தது கூலிக்கு. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் இறங்கியது. மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பூமிக்குள் இறங்க வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் வந்தார்கள், பெரும்பாலும் தலித் மக்கள். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நின்றதைவிடச் சுரங்கம் மேல் என்று என் தாத்தாவின் அப்பா மாரிக்குப்பம் வந்து சேர்ந்தாராம்.

இங்கே மலையில் ரயில் விட்ட அதே காலத்தில், 1902-ல், சிவசமுத்திரம் அருவியிலிருந்து கிட்டத்தட்ட 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்துத் தங்க வயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுற்று வட்டாரமே இருட்டில் கிடந்தபோது சுரங்கத்தில் மோட்டார் ஓடியது.

க்ளாண்டைக் வேகம் மூன்றே வருஷம். எங்கள் ஊர் 120 வருஷம் தோண்டியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். திடீரென்று பாறை வெடிக்கும், ஏர் பிளாஸ்ட் என்பார்கள். தப்பித்தாலும் தூசி விடாது. 1940-களில் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது பத்தில் நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. சும்மாவும் இருந்துவிடவில்லை. 1930-ல் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது வேலைநிறுத்தம் செய்து அதை வாபஸ் வாங்க வைத்தார்கள்.

800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மிச்சம் இருப்பது சயனைட் மேடுகள். நான் பார்த்து வளர்ந்த மலைத்தொடர் அதுதான். காற்றடித்தால் வெள்ளைத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையில் விழும். இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பேர் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

"தாத்தா பணக்காரர் ஆகலை கண்ணு. இருமல்தான் மிச்சம். ஆனா அப்பாவைப் படிக்க வச்சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவள், "இங்க குதிரைக்குக் கூட பலகை வச்சிருக்காங்க. தாத்தாவுக்கு எங்கப்பா?" என்றாள்.

க்ளாண்டைக்கிலும் எல்லார் கதையும் உடனே எழுதப்படவில்லை. கணவாய்களில் கூலிக்குச் சுமை தூக்கிய ட்லிங்கிட் மக்களும், நிலத்தை இழந்த ட்ரொண்டெக் ஹுவெச்சின் மக்களும் நெடுங்காலம் ஓரத்தில்தான் இருந்தார்கள். 2023-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்த மக்களின் கதைதான் முன்னால் நின்றது. 120 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நாம் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாமே. உங்கள் வீட்டில் தங்க வயல் பெரியவர்கள் இருந்தால், இந்த வாரம் போன் பேசும்போது மூன்று விஷயம் கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்கள், எந்த வருஷம் வந்தார்கள், எந்த ஷாஃப்டில் இறங்கினார்கள். நான் அப்பாவிடம் கேட்க நினைத்தபோது அவர் இல்லை.