ஊதா நிற ஆறும் ஓர் அஞ்சறைப் பெட்டியும்

டாலிகஞ்ச் வந்த புதிதில் எங்கள் வீட்டில் நடந்த முதல் களேபரம் அஞ்சறைப் பெட்டியால்தான். சமையலுக்கு உதவ வந்த மாஷி, கடுகுக் கிண்ணத்தில் பாஞ்ச் ஃபோரனைக் கொட்டி வைத்துவிட்டார். தங்கமணி பழக்க தோஷத்தில் பார்க்காமலே எடுத்துத் தாளிக்க, சாம்பார் சோம்பு வாசனையோடு வங்காளியாகிவிட்டது. இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

போன மாதம் பையன் பரணிலிருந்து ஒரு பழைய சிடியை எடுத்து வந்தான். கல்லூரி நாட்களில் நானும் தம்பியும் விடிய விடிய ஆடிய விளையாட்டு. தம்பி அதில் எங்கள் ஊரையே வரைபடமாகச் செய்து வைத்திருந்தான். நடுவில் தாமிரபரணி. பழைய மடிக்கணினியில் போட்டால், ஆறு ஊதாவும் சிவப்புமாகப் புள்ளி புள்ளியாக ஓடுகிறது!

"உங்க ஊர் ஆறு இந்தக் கலர்லயாப்பா இருக்கும்?"

இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அந்த ஆற்றைப் பார்த்ததில்லை. மனசுக்கு என்னவோ போலிருந்தது.

சாந்தினி சௌக்கில் ஒரு கடைக்காரர் கிராபிக்ஸையே மாற்றச் சொன்னார். பர்ஸில் கை வைக்கும்போதுதான் உறைத்தது. அதே கணினியில் சினிமா ஒழுங்காக ஓடுகிறது, மற்ற விளையாட்டுகளும் ஓடுகின்றன. வன்பொருள் கெட்டிருந்தால் எல்லாமே அல்லவா சொதப்ப வேண்டும்?

விடை 1987ல் இருக்கிறது. அந்த வருஷம் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ முறையைக் கொண்டுவந்தது. கையிருப்பு 2,62,144 வண்ணங்கள். ஆனால் ஒரே நேரத்தில் திரையில் 256தான். காரணம், நினைவகச் சிக்கனம். 320-க்கு 200 திரையில் 64,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 64,000 பைட்டில் வேலை முடிந்தது. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி பைட் கொடுத்தால் மூன்று மடங்கு ஆகும்.

ஆகவே புள்ளியில் 'நீலம்' என்று எழுத மாட்டார்கள். '57-ஆம் கிண்ணம்' என்று எண் மட்டுமே. கிண்ணத்தில் என்ன வண்ணம் என்பதைத் தனி அட்டவணை சொல்லும். அஞ்சறைப் பெட்டியேதான்! கிண்ணங்களின் வண்ணத்தைச் சுழற்றினால், படத்தைத் தொடாமலே தண்ணீரை ஓட வைக்கலாம்.

பெட்டி ஒன்று, சமைப்பவர் இருவர் என்றால்தான் வம்பு. 256 வண்ண நிலையில் விண்டோஸ் தனக்கென்று 20 கிண்ணங்களை ஒதுக்கிக்கொள்ளும். ஸ்டார்கிராப்ட் (1998), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999) போன்றவை மொத்தப் பெட்டியும் தமக்கே என்று எழுதப்பட்டவை. விஸ்டா (2007), விண்டோஸ் 7 (2009) காலத்தில், பின்னால் ஓடும் எக்ஸ்ப்ளோரர் அந்தக் கிண்ணங்களில் கை வைக்க, புல்லும் நீரும் நிறம் மாறின. உலகெங்கும் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிற்பாடு 2017லும் 2019லும் இவ்விரண்டும் புதுப்பிக்கப்பட்டு வந்தன.

பழைய சிடிக்கு அப்போது புழங்கிய வைத்தியம் செலவில்லாதது. விளையாட்டைத் திறந்தபின் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்த வேண்டும். ஆடி முடித்ததும் அங்கேயே 'ரன்' கொடுத்து அதை மறுபடி எழுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

செய்தேன். தாமிரபரணி நீலமாக ஓடியது. தம்பி வைத்த மருத மரங்கள்கூடப் பச்சையாகிவிட்டன. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிஜ ஆறு எப்போ காட்டுவீங்க?" என்றான்.

கோடை விடுமுறைக்கு கோரமண்டலில் டிக்கெட் போட்டாயிற்று.

டிஸ்கி: அந்தச் சோம்பு சாம்பார் இப்போது எங்களுக்குப் பிடித்துவிட்டது!