ஊட்டி கிளப்பில் விதி எழுதின ஆட்டம் நன்னிலத்துப் பையனுக்கு எட்டுமா?

ஸ்நூக்கர் விளையாட்டின் விதிகளை முதன்முதலில் எழுதி சுவரில் மாட்டிய ஊர் எது? லண்டன்னு நினைச்சா தப்பு. நம்ம ஊட்டி. வருஷம் 1882.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, நன்னிலத்தில் பிபி மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா, "பிளஸ் டூ படிக்கிற பையன் டியூஷன்னு சொல்லிட்டு டவுன்ல குச்சி வச்சு பந்து அடிக்கிற கடைக்குப் போறான் டாக்டர். உருப்படுவானா?"ன்னு கேட்டாங்க. வெளியே அம்பது பேர் வரிசையில் நிற்கும்போது இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

1875, ஜபல்பூர் ராணுவ முகாம். மழைக்காலம், வெளியே இறங்க முடியாது. அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் காசு வச்சு "பிளாக் பூல்" ஆடுவாங்க: 15 சிவப்புப் பந்து, ஒரு கருப்பு. நெவில் சேம்பர்லேன் என்ற 19 வயசு அதிகாரி அதில் இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்தார். (ஹிட்லரோட சமாதானம் பேசப் போன பிரதமர் சேம்பர்லேன் வேற ஆள். ரெண்டு பேரையும் குழப்பிக்காதீங்க.) லண்டன் பக்கம் வூல்விச் ராணுவப் பள்ளியில் முதல் வருஷ மாணவனை "ஸ்நூக்கர்"னு கிண்டலா கூப்பிடுவாங்களாம், அதாவது கத்துக்குட்டி. குழிக்குப் பக்கத்தில் இருந்த பந்தை ஒருத்தர் கோட்டை விட, சேம்பர்லேன் அவரை அந்தப் பேரால் கேலி செய்ய, பேர் ஆட்டத்தோட ஒட்டிக்கிச்சு.

பிறகு அவர் சென்னை ராணுவத் தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸிடம் வேலைக்கு வந்தார். கோடை வந்தா அதிகாரம் மொத்தமும் ஊட்டிக்கு மலை ஏறிடும் காலம் அது. அங்கே கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுத்துக்கு வந்தது. 1885-ல் இந்தியா வந்த ஆங்கிலேய சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் இந்த ஆட்டத்தைக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1927-ல் முதல் உலகப் போட்டி, ஜெயிச்சவர் ஜோ டேவிஸ். ஆட்டத்தைக் கண்டுபிடிச்சது யாருன்னு பின்னாடி சர்ச்சை வந்தப்போ, 80 வயசு தாண்டின சேம்பர்லேனே 1938-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி "நான்தான்"னு சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஊட்டி அறையில் நம்ம ஆளுங்க இருந்தாங்களா? இருந்தாங்க, மார்க்கரா. புள்ளி எண்ணுறது, துணியைத் தேய்ச்சு விடுறது, பந்தை எடுத்து வைக்கிறது. ஆட்டத்தோட விதிகள் எழுத்தானது தமிழ்நாட்டு மண்ணில், ஆனா ஆடும் உரிமை வெள்ளைக்காரனுக்கு மட்டும். பூட்டு நிறத்தில் இருந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் அது காசுக்கு மாறிச்சு.

காசுன்னா எவ்வளவு பெரிய பூட்டு? முழு ஸ்நூக்கர் மேசை 12க்கு 6 அடி. பச்சைத் துணிக்குக் கீழே மரம் இல்லை, ஸ்லேட் கல். மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும், நம்ம கணக்கில் 60 கிலோ நெல் மூட்டை இருபது. பூல் மேசை சின்னது, 9க்கு 4½ அடி. பந்து மட்டும் கொஞ்சம் பெருசு: பூலுக்கு 57 மில்லிமீட்டர், ஸ்நூக்கருக்கு 52.5.

இந்தப் பந்துக்கு ஒரு தனிக் கதை இருக்கு. முன்னாடி யானைத் தந்தம். ஒரு தந்தத்தில் சில பந்துகள்தான் தேறும். 1863-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் மாற்றுப் பொருளுக்கு 10,000 டாலர் பரிசு அறிவிச்சது. அந்தத் தேடலில் ஜான் ஹயாட் உருவாக்கியதுதான் செல்லுலாய்டு. அதே குடும்பத்துப் பொருள் சினிமா பிலிமாச்சு, எங்க எக்ஸ்ரே பிலிமும் ஆச்சு. சீக்கிரம் தீப்பிடிக்கும். 1929-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் எக்ஸ்ரே பிலிம் எரிஞ்சு 120 பேருக்கு மேல் செத்தாங்க. இன்னைக்குப் பந்துகள் பினாலிக் ரெசின், பயமில்லை.

இனி குறி பார்க்கிறது. கேரம் ஆடத் தெரிஞ்சவனுக்கு இது பாதி தெரியும். காயினைக் குழியில் தள்ள ஸ்ட்ரைக்கர் எந்த இடத்தில் போய் முட்டணும்? குழிக்கு நேர் பின்பக்கம். பூலிலும் அதேதான்: முட்டும் நொடியில் வெள்ளைப் பந்து எங்கே நிற்கணுமோ, அங்கே இல்லாத ஒரு பந்தைக் கற்பனை பண்ணி, அதை நோக்கி அடிக்கணும். கேள்வி, அதை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பது. நம்ம எல்லாருக்கும் ஒரு கண் ஆதிக்கக் கண். இரண்டு கையாலும் ஒரு சின்ன ஓட்டை செஞ்சு, அது வழியா தூரத்துக் கடிகாரத்தைப் பாருங்க. ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணை மூடினா கடிகாரம் மறையுதோ, அதான் உங்க கண். வலது கைக்காரனுக்கு இடது கண் ஆதிக்கமா இருந்தா தலையை அதுக்கேற்ப நகர்த்தி நிற்கணும். இது குறை இல்லை, தெரிஞ்சுக்காம ஆடுறதுதான் சிக்கல்.

கண்ணாடி போட்டவங்களுக்கு இன்னொரு தொல்லை: குனிஞ்சா பிரேமுக்கு மேலே பார்வை போயிடும். டென்னிஸ் டெய்லர் தலைகீழா மாட்டின மாதிரி பெரிய கண்ணாடி போட்டு ஆடினார். 1985 உலக இறுதிப் போட்டியில் ஸ்டீவ் டேவிஸை 18-17னு கடைசிக் கருப்புப் பந்தில் ஜெயிச்சார்.

அப்புறம் கை நடுக்கம். கனடாவின் பில் வெர்பெனியுக் நடுக்கத்தை அடக்க பீர் குடிச்சு ஆடினார், கூடவே புரோபிரனலால் மாத்திரை. பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டுப் போட்டிகளில் இப்போ தடை. பசங்க கவனத்துக்கு: பரீட்சைக்கோ மேட்சுக்கோ அந்த மாத்திரையை கடையில் நீங்களா வாங்கிப் போடாதீங்க. ஆஸ்துமா இருந்தா உயிருக்கே ஆபத்து.

சரி, எதிர்காலம்? 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வாங்கினார். எந்த விளையாட்டிலும் தனிநபரா உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர் அவர்தான். பெங்களூரின் பங்கஜ் அத்வானி கையில் 28 உலகப் பட்டம். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் ஆன் யீயை 3-2னு தோற்கடிச்சு 15 சிவப்புப் பந்து உலக ஸ்நூக்கர் பட்டத்தை வாங்கினார். அதை வாங்கிய முதல் இந்தியப் பெண். ஊட்டி சுவரில் விதி மாட்டி 143 வருஷம் கழிச்சு!

ஆனா அந்த அம்மாகிட்ட பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இல்லை. ஆசிய விளையாட்டில் 2010-க்கு அப்புறம் 2014, 2018, 2022-க்கான போட்டி எதிலும் இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்குச் சோறு போடுறது பொதுத்துறை வேலைதான். அத்வானி இருக்கிறது ஓஎன்ஜிசியில். ஆமா, நம்ம திருவாரூர் மாவட்ட வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டின அதே ஓஎன்ஜிசி. அதனால பிளஸ் டூ பரீட்சையை விட்டுட்டு ஆடுறதுக்கு நான் ஆதரவில்லை. வாரத்தில் ரெண்டு நாள் வீட்டில் சொல்லிட்டுப் போய் ஆடினா கெட்டுப்போக மாட்டான். காசு வச்சு ஆடினாலோ, அந்த ரூம்ல சிகரெட் புகை இருந்தாலோ மட்டும் நிறுத்துங்க.

நம்ம ஊர்க்கார ஏழைப் பிள்ளைக்கு அதே வடிவியலைக் கத்துக்கொடுத்தது கேரம் போர்டுதான். மருந்துக்கடை போரிக் பவுடரைத் தூவி, டீக்கடைத் திண்ணையில் ஆடின போர்டு. அதிலிருந்துதான் 1991, 1995 உலக சாம்பியன் மரியா இருதயம் வந்தார். 2024-ல் சென்னை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா அமெரிக்காவில் மூணு தங்கம் வாங்கினார். கேரம் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைஞ்சது, அதனால் ஆளும் எல்லா வீட்டிலிருந்தும் வந்தாங்க. மேசை இன்னும் கிளப்பிலும், காசு கொடுத்து மணிக்கணக்கில் ஆடுற மாடி ரூமிலும்தான் இருக்கு.

ஒன்பதடி பூல் மேசை போட்டு நாலு பக்கமும் க்யூவை நீட்டி ஆட, சுமார் 18க்கு 14 அடி ரூம் போதும். ஒரு வகுப்பறையை விடச் சின்னது. மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் அப்படி ஒரு ரூம், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமா, சாயங்காலம் ரெண்டு மணி நேரம். இதைப் படிக்கிற விளையாட்டுத் துறை நண்பர்கள் யாராவது இருந்தா, எப்படி மனு போடணும்னு கமெண்ட்ல சொல்லுங்க.