1947இல் வாக்களித்தவர்கள்

அமெரிக்காவில் பிறப்பால் வரும் பிரஜாவுரிமை பற்றிச் சண்டை நடக்கிறது. அங்கே அது 1868இலிருந்தே யாப்பில் இருக்கிறது. நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

1947 தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தது போதாதாம், தகப்பன் வழியும் இங்கே பிறந்ததென்று காட்ட வேண்டுமாம். லயத்தில் பிறந்தவர் அதற்குப் பத்திரம் தேடி எங்கே போவார்? பிறகு வாக்கும் போனது.

1949 சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்’. கொழும்பில் கடை வைத்திருந்த நம்மவர் சிலரும் அதே வரிசையில்தான் நின்றார்கள். தோட்டத்துப் பிரச்சினை என்று நாம் ஒதுக்க முடியாது.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சியோருக்கு வழிவிட்ட சட்டம் 2003இல்தான் வந்தது. 1947இல் வாக்களித்தவர்களில் எத்தனை பேர் அப்போது மௌத்தாகாமல் இருந்தார்கள்?