மின்கம்பியின் மறுமுனை: பாலஸ்தீன மின்வலையமைப்பின் ஒரு நூற்றாண்டு

அரபு மொழியில் மின்சாரம் ‘கஹ்ரபா’ எனப்படும். அம்பர் என்னும் பிசின்கல்லைக் குறித்த பாரசீகச் சொல் அது. வைக்கோலைக் கவர்வது என்பது அதன் பொருள். எபிரேயத்தில் ‘ஹஷ்மல்’. எசேக்கியேல் ஆகமத்தில் வரும் அச்சொல்லைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘எலெக்ட்ரான்’ என்று பெயர்த்தது; அம்பருக்கும் கிரேக்கத்தில் அதுவே பெயர். பொருளால் இவ்வளவு நெருங்கிய இரு சொற்களையும் பேசும் மக்களில், ஒரு சாரார் இன்று மின்சாரத்தை விற்பவராகவும் மறு சாரார் வாங்குபவராகவும் உள்ளனர். இந்நிலை எவ்வாறு உருவாயிற்று?

1914இல் ஜெருசலேமின் மின்விநியோக உரிமையை உஸ்மானிய அரசு மவ்ரொமாட்டிஸ் என்ற கிரேக்கருக்கு வழங்கியது. போருக்குப் பின் வந்த பிரிட்டிஷ் நிர்வாகம், 1921இல் பின்ஹாஸ் ரூட்டன்பெர்க் என்ற சியோனியப் பொறியாளருக்கு மிக விரிவான உரிமைகளை அளித்தது. மவ்ரொமாட்டிஸ் வழக்கு ஹேக் நகரின் பன்னாட்டு நிரந்தர நீதிமன்றம் வரை சென்றது. 1925இல் அவரது ஜெருசலேம் உரிமை செல்லுமெனத் தீர்ப்பாயிற்று. நாட்டின் பிற பகுதிகளில் ரூட்டன்பெர்க்கின் நிறுவனமே வேரூன்றியது. யோர்தானும் யார்மூக்கும் கூடுமிடத்தில் அமைந்த அதன் நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. யாஃபாவின் அரபு மக்கள் இத்திட்டத்தை எதிர்த்தனர்; நாப்லுஸ் நகரம் அவ்வலையமைப்புக்கு வெளியிலேயே நின்றது. விளக்கொளியை அவர்கள் வெறுக்கவில்லை. கம்பி யார் கையில் இருக்கும் என்பதே அவர்களது கேள்வி.

1948க்குப் பின் மேற்குக் கரை நகரங்கள் நகராட்சி மின்னாக்கிகளையும், கிழக்கு ஜெருசலேமை மையமாகக் கொண்ட மாவட்ட மின் நிறுவனத்தையும் நம்பி வாழ்ந்தன. 1967இல் தொடங்கிய ஆக்கிரமிப்பின் கீழ் தேவை பெருகியது. சொந்த உற்பத்தி பெருகவில்லை. உற்பத்தி நிறுவனங்கள் படிப்படியாக இஸ்ரேலிய மின்சாரத்தை வாங்கி விநியோகிப்பவையாக மாறின. ஆகவே இன்றைய இறக்குமதிச் சார்பை இயற்கை வளக்குறையின் விளைவாக மட்டும் கொள்வது பிழை.

காசாவின் வரலாறு இதற்குச் சான்று. 2000இல் அதன் கடற்பரப்பில் எரிவாயு கண்டறியப்பட்டது. அது இன்றுவரை எடுக்கப்படவில்லை. 2002இல் இயங்கத் தொடங்கிய காசா மின்நிலையமோ, இஸ்ரேல் வழியாக வரும் டீசலை எரித்தது. 2006 ஜூனில் அதன் மின்மாற்றிகள் குண்டுவீச்சில் அழிந்தன. 2023 அக்டோபரில் இஸ்ரேல் மின்சாரத்தை நிறுத்தியது. எரிபொருளும் தீர்ந்து, சில நாட்களில் அந்நிலையம் அடங்கியது.

மேற்குக் கரையில் நவீனமயமாக்கம் வேறு வழியில் நடந்தது. 2009இல் மின்சாரச் சட்டம் வந்தது. ஒழுங்குமுறை மன்றமும் பின்னர் மின்செலுத்தல் நிறுவனமும் அமைந்தன. முன்னர் எண்ணற்ற சிறு இணைப்புகளில் சிதறிப் பெறப்பட்ட மின்சாரத்தை, 161 கிலோவோல்ட்டில் மொத்தமாகப் பெற்று 33 கிலோவோல்ட்டுக்குக் குறைத்து விநியோகிக்க நான்கு துணைமின்நிலையங்கள் திட்டமிடப்பட்டன. 2017 ஜூலையில் ஜெனின் அருகே ஜலமாவில் முதலாவது நிலையம் திறக்கப்பட்டது. கொள்முதல் ஓரிடத்தில் அளக்கப்படுவதால் இழப்பைக் கணக்கிடலாம். மொத்த விலைக்குப் பேரம் பேசலாம்.

இப்பயன்கள் சிறியவை அல்ல. ஆயினும் துணைமின்நிலையம் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. விநியோக நிறுவனங்கள் கட்டத் தவறும் தொகையை, பாலஸ்தீன நிர்வாகத்துக்காக இஸ்ரேல் வசூலிக்கும் வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் முறையும் தொடர்கிறது. ஒரு குடும்பம் கட்டாத மின்கட்டணம் இவ்வாறு ஓர் ஆசிரியரின் சம்பளத்தையும் தொட முடிகிறது. சூரிய மின்பலகைகளை நிறுவவும், மேற்குக் கரையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடான ‘சி’ பகுதியில் இஸ்ரேலிய அனுமதி வேண்டும்.

வலையமைப்பின் வரலாற்றை எழுதுவோர் கம்பிகளின் நீளத்தையும் மின்மாற்றிகளின் திறனையும் அளப்பதோடு நிற்பது போதாது. மின்விசை யாருடைய கையில் உள்ளது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அன்று யாஃபாவில் எழுந்த கேள்விக்கு ஜலமாவின் புதிய மின்மாற்றிகள் இன்னும் விடை தரவில்லை.