திருமுக்கூடல் ஆதுலர்சாலை: பணியாளரும் ஊதியமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடுமிடத்தே அமைந்தமையின் திருமுக்கூடல் எனப் பெயர்பெற்ற ஊர், காஞ்சிபுரத்திற்கு அணித்தே உளது. அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், கி. பி. 1063 முதல் 1070 வரை ஆட்சிபுரிந்த வீரராசேந்திர சோழனது நெடிய கல்வெட்டொன்று காணப்படுகின்றது. 1915-இல் படியெடுக்கப்பெற்ற இதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியில் ஆராய்ந்து வெளியிட்டார். கோயிற் பூசனைகள், வேதமும் வியாகரணமும் பயிற்றும் பள்ளி, மாணாக்கர் விடுதி, ‘வீரசோழன்’ என்னும் பெயரிய ஆதுலர்சாலை ஆகியவற்றின் ஆண்டுச் செலவை இக்கல்வெட்டு வகுத்துரைக்கின்றது. ஆதுலர் என்பார் நோயுற்றோர்.

இச்சாலையைப் பற்றி எழுதியோர் பலரும், சோழர் காலத்தே பதினைந்து படுக்கைகளுடன் மருத்துவமனை இருந்ததென வியந்து கூறி அமைவர். வியப்பிற்குரியதே, ஆயினும் கல்வெட்டு கணக்கேடாக இருத்தலின், அதனைக் கணக்காகவே படித்தல் வேண்டும். அங்ஙனம் படிப்பின், அச்சாலை எவ்வாறு நடத்தப்பெற்றது, யார்க்கு எத்தகைய நிலை இருந்தது என்பன ஒருவாறு புலனாகும்.

மருத்துவன், ஆலப்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பான். அவனுக்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி, ஆண்டிற்குக் காசு எட்டு. ஆண்டினை 360 நாளாகக் கொள்ள, இந்நெல் 90 கலமாகும். அறுவை செய்வோன், அதாவது சல்லியக்கிரியை புரிவோன் ஒருவனுக்கு நாளொன்றுக்குக் குறுணி நெல். ஆண்டிற்கு 30 கலம். மருந்து பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து அட்டும் பணிபுரிவார் இருவர்க்கு 60 கலமும் காசு இரண்டும். நோயாளரைப் பேணி மருந்தூட்டும் பெண்டிர் இருவர்க்கு 30 கலமும் காசு ஒன்றும். சாலைக்கும் பள்ளிக்கும் விடுதிக்கும் பொதுவாகப் பணிசெய்யும் நாவிதன் ஒருவனுக்கு 15 கலம். நோயாளர் பதினைவர்க்கும் பேரால் நாள்தோறும் நாழி அரிசி. ஆண்டு முழுமைக்கும் வேண்டிய மருந்திற்குக் காசு 40.

பணியாளர் பெறும் நெல்லைக் கூட்டின் 225 கலம் ஆகின்றது. நோயாளர் உணவிற்கு நாளொன்றுக்கு வேண்டுவது 15 நாழி அரிசி. சோழர் கல்வெட்டுகளில் பெரிதும் பயிலும் ஐந்திற்கு இரண்டு என்னும் முறையில் அரிசியை நெல்லாக மாற்றின், இது நாளொன்றுக்கு 37½ நாழியாய், ஆண்டிற்கு ஏறத்தாழ 140 கலமாகும். ஆகவே நெற்செலவில் பெரும்பகுதி நோயாளர் உணவிற்கன்றிப் பணியாளர்க்கே சென்றது. காசின் நிலை வேறு. பணியாளர் அனைவர்க்கும் சேர்ந்து 11 காசே, மருந்திற்கோ 40. மூலிகை பறிக்கவும் மருந்தடவும் ஆள் வைத்த பின்னரும் இத்துணைக் காசு வேண்டப்பட்டமையின், அவ்வூர்ப் புறத்தே கிடையாத சரக்குகளை விலைகொடுத்து வாங்கினர் என்று கொள்வதே பொருந்தும்.

அங்ஙனம் வைத்திருத்தற்குரிய மருந்துகள் இருபதின் பெயர்களையும் கல்வெட்டுத் தருகின்றது. வாசா அரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி என நான்கு மருந்துகள் கடுக்காய்ப் பெயர் தாங்கியன. வில்வாதி கிருதம், சுனேத்திரி, கல்யாணக லவணம் முதலியனவும், பழநெய்யாகிய புராண கிருதமும் பட்டியலில் உள்ளன. பெயர்கள் பெரும்பாலும் ஆயுர்வேத நூல் வழக்கினைத் தழுவியன. இக்கல்வெட்டைச் சித்த மருத்துவத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். பட்டியல் அதற்கு இடந்தரவில்லை. சித்த மருத்துவத்தின் பழமையை நாட்டுவதற்கு வேறு சான்றுகளையே நாடுதல் வேண்டும்.

இனி, ஊதிய வேறுபாட்டை நோக்குவோம். மருத்துவன் பெறும் நெல், அறுவை செய்வோன் பெறுவதனினும் மும்மடங்கு. மருந்து பறிப்போன் ஒருவனுக்கும் அறுவை செய்வோனுக்கும் நெல்லளவில் வேற்றுமை இல்லை! கத்தியெடுத்துப் புண்ணறுக்கும் கைவினைஞனையும் காட்டிற் சென்று வேர் பறிப்போனையும் கணக்கெழுதியோர் ஒரே நிரையில் வைத்தனர். அறுவை நாள்தோறும் நேர்வதன்று ஆதலின் ஊதியம் குறைந்தது எனக் கூறலாம். ஆயின், பணி அரியதாயின் அன்றன்று கூலி கொடுத்திருப்பர். நாட்படியாக அளந்திருக்க வேண்டுவதில்லை. நூலறிவை உயர்த்தியும் கைத்தொழிலைத் தாழ்த்தியும் எண்ணிய மனப்பான்மையே இதற்குக் காரணம் என்பது எம் கருத்து.

பேணும் பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒருத்திக்கு நாளொன்றுக்கு நானாழி நெல். மேற்கூறிய முறைப்படி அது ஒன்றரை நாழி அரிசிக்குச் சிறிதே மிகும். அவள் பேணிய நோயாளன் உண்டது ஒரு நாழி. தன் வயிறு போக அவள் இல்லத்திற்கு எஞ்சியது அரைநாழியளவே. ஆண்டிற்கு அரைக்காசு அதனோடு கூடும்.

மருத்துவனுக்கும் ஏனையோர்க்கும் உள்ள வேறுபாடு அளவொடு நில்லாது உரிமையையும் சார்ந்தது. அசுவத்தாம பட்டன் இப்பணியைத் தனக்கும் தன் வழியினர்க்கும் உரிய மருத்துவக் காணியாகப் பெற்றிருந்தான். தஞ்சைச் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலை மருத்துவனாகிய சவர்ணன் அரையன் மதுராந்தகனுக்கு, இராசராசன் தமக்கையார் குந்தவையார் முதலாம் இராசேந்திரன் காலத்தே அளித்ததும் மருத்துவக் காணியே. இவ்விருவர் பெயர் முன்னும் ‘சவர்ணன்’ என்பது நிற்றல் ஆராய்தற்குரியது. காணியால் விளைந்த நன்மை, சாலை மருத்துவனின்றி வறிதே கிடவாமை. ஆனால் தந்தையின் காணியைப் பெறும் மகன் தந்தையின் அறிவையும் பெறுவான் என்பதற்கு உறுதி யாது? அறுவை செய்வோனும் மருந்து பறிப்போரும் பெண்டிரும் பெயரின்றித் தொகையாலேயே சுட்டப்படுகின்றனர். அவ்விடங்களில் ஆள் மாறலாம். பணி மட்டுமே நிலையானது. பரம்பரையுரிமையும் மாற்றத்தக்க பணியும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருந்தமை, அக்கால ஆட்சிமுறையை அறிவார்க்குப் புதுமையாகத் தோன்றாது.

இச்சாலை யார்க்காக அமைந்தது? கோயிற் பணியாளர்க்கும் பள்ளியோர்க்குமே என்பர் ஒரு சாரார். பொதுமக்கட்கு எனப் பெருமிதத்தோடு உரைப்பர் மற்றொரு சாரார். விடுதியில் உண்டோர் 60 பேர். அறுபதின்மருள் பதினைவர் எந்நாளும் நோயுற்றுக் கிடப்பர் எனக் கருதி எவரும் அரிசி ஒதுக்கார். கோயிற் பணியாளரைக் கூட்டினும் தொகை மிகையே. ஆதலின் புறத்தாரும் சிலர் இங்கே இடம்பெற்றனர் எனக் கோடல் தகும். அதற்குமேற் சென்று, சாதி வேறுபாடின்றி அனைவர்க்கும் கதவு திறந்திருந்தது என்பார்க்குக் கல்வெட்டில் ஒரு சொல்லும் துணைநில்லாது.

கம்போச நாட்டு வேந்தன் ஏழாம் செயவர்மன் காலத்து, 1186-ஆம் ஆண்டைச் சார்ந்த தா புரோம் கல்வெட்டு, அந்நாட்டில் 102 மருத்துவச்சாலைகள் இருந்தன எனக் கூறுகின்றது. அவை அரசன் பண்டாரத்தினின்று பொருள் பெற்றன. திருமுக்கூடற் சாலையோ கோயிலுக்குரிய ஊர் வருவாயினின்று நடந்தது. ஆகவே அளவிற் சிறியதாயினும், ஒவ்வொரு நாழியும் எவர்க்கென அளந்து கல்லிற் பொறிக்கப்பட்டது.

இரவில் சாலையில் விளக்கொன்று எரிதற்கும் அக்கணக்கிற் பொருள் ஒதுக்கப்பட்டுள்ளது. நோயாளரை இரவிற் பேணுதற்கெனத் தனியே எவரும் குறிக்கப்படவில்லை. பதினைவர் கிடந்த இடத்தே விளக்கிற்கு நெய் வார்த்து விழித்திருந்தோர், நானாழி நெற்பெற்ற அப்பெண்டிர் இருவருள் ஒருத்தியாகவே இருந்திருத்தல் வேண்டும்.